மான் மூக்குக்கு முன்னால்...

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் பிறந்தால், வேட்டைக்காரர் இருக்கும் வீட்டில் முதலில் மாறுவது குளியலறைதான். வாசனை சோப்பு ஓரம் போகும். மணமில்லாத சோப்பு வந்து உட்காரும். வேட்டை உடுப்புகளைச் சமையல் சோடா போட்டு அலசி, வெளியே உலர்த்தி, பெட்டியில் இறுக மூடி வைப்பார்கள். காட்டுக்குப் போன பிறகுதான் உடுத்துவார்கள். காலுக்கு ரப்பர் பூட்ஸ். சிகரெட் கூடவே கூடாது.

எல்லாம் வெண்வால் மானின் மூக்குக்குப் பயந்துதான். நன்றி நவிலல் நாளை ஒட்டி வரும் முக்கியமான துப்பாக்கி வேட்டைப் பருவம் 9 நாள்தான். குளிர்காலத்துக்கான இறைச்சி அதற்குள் வீடு சேர வேண்டும்.

ஆனால், உடம்பு சொன்னபடி கேட்குமா? வியர்வைக்கு அவ்வளவாக மணம் கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த வேலை மறுபடி ஆரம்பித்துவிடும். மூச்சுக்காற்றை எந்தப் பெட்டியில் பூட்டுவது?

அதனால் அனுபவசாலிகள் சோப்பைவிடக் காற்றையே நம்புகிறார்கள். துளி பவுடரைத் தூவித் திசை பார்ப்பார்கள். வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று மேலே போகும். அப்போது மேட்டில் இருப்பார்கள். மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும், அப்போது பள்ளத்தில்.

காற்று திசை மாறிவிட்டால்? எழுந்து வீட்டுக்குத் திரும்புவதுதான் நியாயம். மிரண்டு ஓடும் மானுக்கு வைத்த குறி பிசகினால், காயத்தோடு ஓர் உயிர் ஏதோ புதரில் கிடந்து துடிக்கும்.

வெறுங்கையோடு வந்தவரை அன்று வீட்டில் யாரும் கேலி செய்யாமல் இருந்தால் போதும்.