அழைப்பு என்னும் தொழில்



பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியின் தொடக்கப் பாடத்தில் நாங்கள் முதலில் கற்றவை எளிய கேள்விகளே: உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்? என்ன தொழில்? மூன்றாம் கேள்வியில் தொழிலைக் குறிக்கும் சொல் ‘பெரூஃப்’. ‘அழைத்தல்’ எனப் பொருள்படும் ‘ரூஃபன்’ என்னும் வினையோடு உறவுடைய சொல் அது.

தொழிலுக்கு அழைப்பு என்னும் பெயர் எப்படி வந்தது? இடைக்கால ஐரோப்பாவில் தேவ அழைப்பு பெரும்பாலும் குருக்களுக்கும் துறவிகளுக்கும் உரியதாகவே கருதப்பட்டது. மார்ட்டின் லூத்தரோ, 1534-ல் வெளியிட்ட முழு ஜெர்மன் வேதாகமத்தில், தள்ளுபடியாகமமாகிய சீராக்கின் 11-ஆம் அதிகாரத்தில், அன்றாட உழைப்பைக் குறிக்க இச்சொல்லை வைத்தார். வீட்டுவேலை செய்பவரும் பிள்ளை வளர்க்கும் பெற்றோரும் தேவனுக்கே ஊழியம் செய்கின்றனர் என்று போதித்தார். அச்சொல்லே இன்று ஜெர்மன் மொழியில் தொழிலுக்குரிய சாதாரணப் பெயராக வழங்குகிறது.

பிரியமானவர்களே, “உங்களுக்கு ஊழிய அழைப்பு உண்டு ஐயா; நாங்கள் வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கிறோம்” என்று உங்களில் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. அந்தப் பிரிவினையை நான் ஏற்பதில்லை. மருத்துவமனைத் தரையைத் துடைக்கும் கைகளும், பேருந்து ஓட்டும் கைகளும், பிரசங்கபீடத்தில் வேதத்தைத் திறக்கும் கைகளும் ஒரே எஜமானுக்கே உரியவை. ஆயினும், அநியாயத்தைச் சகித்திருக்கச் சொல்லும் வார்த்தையன்று அழைப்பு. உழைப்பவரின் கூலியைக் குறைப்பவர், அவரை அழைத்தவருக்கே கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

நாளைக் காலை வேலைக்குப் புறப்படுகையில், உங்களை அழைத்தவர் யார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.