வெயில் தலைவலி என்று நினைத்தேன்

போன இதழுக்கு வந்த கேள்விகளில் ஒன்று இது. ‘சின்ன வெங்காயத்துக்கு மருந்தடித்த மறுநாள் களை எடுக்கப் போனால் எனக்குத் தலைவலியும் குமட்டலும் வருகிறது. என்ன மாத்திரை போடலாம்?’ கேட்டவர் ஒரு பெண் விவசாயி.

முதலில் கேள்விக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை வேண்டாம். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில், அடித்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து வயலுக்குள் இறங்கலாம் என்று போட்டிருந்தால் அதன்படி நடந்துகொள்ளுங்கள். இலை ஈரம் காயாமல் யாரும் இறங்கவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். அப்படியும் தலைவலி தொடர்ந்தால், மருந்துப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

இத்துடன் நிறுத்தியிருப்பேன். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்ததும் குண்டடத்தில் எனக்கு நேர்ந்த ஒரு தவறு நினைவுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது.

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசிப் பட்டத்து வெங்காயம். இலைப்பேன் அதிகம் என்று தோட்டக்காரர் கூப்பிட்டிருந்தார். முதல் நாள் சாயங்காலம் நான் சொல்லித்தான் புரோபனோபாஸ் அடித்திருந்தார். பலன் எப்படி என்று பார்க்க மறுநாள் காலை போனேன். ஒரே பாத்தியில் ஐந்து பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்.

பத்தரை மணி வாக்கில் அந்த அக்கா கொத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். வரப்பில் வந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

“என்னங்கக்கா பண்ணுது?” என்றேன்.

“தலைவலிங்க சார். ஒண்ணுமில்லீங்க. இந்தப் பாத்தி முடிஞ்சா சரியாப் போயிரும்.”

“அவளுக்கு எப்பவும் வர்றதுதானுங்க. ஒத்தைத் தலைவலிக்காரி” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எனக்கு மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: மருந்து வாடை. இல்லாவிட்டால் வெயில். வேப்பமரத்து நிழலில் படுக்கச் சொன்னேன். எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பில் அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒரு மணிக்குத் தோட்டக்காரரிடம் இருந்து போன் வந்தது. அக்கா கண்ணைத் திறக்கிறார், மூடுகிறார். எப்போதோ இறந்துபோன மாமியார் வந்துவிட்டாரா என்று கேட்கிறார். 108-ஐக் கூப்பிட்டுத் தாராபுரம் கொண்டுபோனோம். அங்கிருந்து கோயம்புத்தூர். சிடி ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம் பரவியிருந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் குமிழ் போல வீங்கியிருந்த ஓர் இடம் வெடித்திருக்கிறது.

அங்கே டாக்டர் என்னிடம் கேட்டது இரண்டு கேள்விகள். “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? வலி கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சா, ஒரே நொடியில வந்துச்சா?” நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். ஆனாலும் இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் நான் அக்காவைக் கேட்கவே இல்லை. போனில் விசாரித்தபோது அதே பாத்தியில் இருந்த பெண்தான் சொன்னார்: “பேசிட்டே இருந்தவ, ‘ஐயோ, மண்டையில யாரோ அடிச்ச மாதிரி இருக்குது’ன்னு கொத்தைப் போட்டுட்டாளுங்க.”

ஒரு வெங்காயத் தாளின் நுனி கருகியிருந்தால் நான் எத்தனை கேள்வி கேட்கிறேன்! எப்போதிருந்து? ஒரே ராத்திரியிலா, மெதுவாகவா? எல்லாப் பாத்தியிலுமா, ஒன்றில் மட்டுமா? கடைசியாக என்ன அடித்தீர்கள்? இவ்வளவும் கேட்டுவிட்டுத்தான் பேனா என்று சொல்வேன், கருகல் நோயா என்று சொல்வேன், தண்ணீர்க் குறையா என்று சொல்வேன். ஒரு மனுஷிக்கு அதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மருந்து விஷம் இல்லை என்று அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். ஒரே பாத்தியில் இருந்த மற்ற நாலு பேருக்கும் ஒன்றும் இல்லை. பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து ஏறினால் வாயில் எச்சில் ஊறும், உடம்பெல்லாம் வியர்க்கும், கண்ணீர் வடியும், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், வயிற்றைப் பிடித்து இழுக்கும். அக்காவிடம் இவை எதுவும் இல்லை. வெயில் தாக்கினால் உடம்பு கொதிக்கும். அதுவும் இல்லை.

அதன் பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு பக்கம் கை கால் தளர்வது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, வலிப்பு, திடீர்த் தலைவலி ஆகிய எல்லாம் ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். ஆனால் பெண்களிடம் இவற்றோடு குழப்பம், மயக்கம், தலைசுற்றல், உடம்பு முழுக்கச் சோர்வு போன்றவை அதிகம் காணப்படுகின்றன. எங்கள் அக்காவுக்கு வந்தது போல மூளையைச் சுற்றி ரத்தம் கசிவது ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதல், அதிலும் மாதவிலக்கு நின்ற வயதுக்குப் பிறகு. மூளைக்குள்ளேயே கசியும் வகை ஆண்களிடம் அதிகம். ரத்தக் கொதிப்பு, பீடி, சாராயம் எல்லாம் அதற்குக் காரணம். கர்ப்ப காலத்திலும் பிரசவம் முடிந்த ஆறு வாரத்துக்குள்ளும் கொதிப்பு ஏறித் தலைவலி, கண் மங்கல் வந்தால் அது பெண்ணுக்கு மட்டுமே உள்ள ஆபத்து. பச்சை உடம்புக்காரிக்குத் தலை வலிக்கிறது என்றால் குளிர் பட்டது என்று தைலம் தேய்த்து உட்காரக் கூடாது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் நம் பார்வையில் இருக்கிறது. பெண் தலையைப் பிடித்தால் ‘பித்தம், வெயில், சாப்பிடாமல் வந்திருப்பாள், எப்பவும் வருவதுதான்’ என்கிறோம். ஆண் சந்தையில் தள்ளாடி விழுந்தால் ‘தண்ணி போட்டிருக்கான்’ என்று ஒதுங்கிப் போகிறோம். பெயர் வைத்துவிட்டால் அதன் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. படித்த டாக்டர்களிடமே இது நடக்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பக்கவாதம் கண்டுபிடிக்கப்படாமல் தவறிப்போவது ஆண்களைவிடப் பெண்களுக்கு 33 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. தலைவலியும் தலைசுற்றலும்தானே என்று அனுப்பிவிடப்பட்டவர்கள் அதில் பலர்.

ஆண்களும் தலைவலியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் கோவை ஈஷா மையத்தின் சத்குரு ஜக்கி வாசுதேவ் சுமார் நாலு வாரம் கடுமையான தலைவலியோடு நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டிருந்தார். 2024 மார்ச்சில் டெல்லியில் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் ரத்தக்கசிவு தெரிந்து, மார்ச் 17 அன்று அறுவை சிகிச்சை செய்தார்கள். மெதுவாகக் கசிந்தாலும் தலைவலிதான் முதலில் வந்தது.

ஆகவே தோட்டத்தில் யாராவது தலையைப் பிடித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே நொடியில் வந்ததா? இதுவரை வந்த தலைவலிகளில் இதுதான் மோசமானதா? கூடவே வாந்தி, பின்கழுத்து விறைப்பு, குழப்பம், பார்வைக் கோளாறு ஏதாவது உண்டா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒற்றைத் தலைவலிக்காரரிடம் ‘வழக்கமா வர்ற மாதிரியே இருக்குதா?’ என்றும் கேளுங்கள்.

தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். மயங்கியவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நான் செய்த இரண்டாவது தவறு அது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, கசிவு இருந்தால் அது இன்னும் அதிகமாக்கும். மூளையில் அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும். அதனால் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று. அந்த அக்காவுக்குக் கொதிப்பு இருந்தது. ‘நல்லாத்தானே இருக்கிறேன்’ என்று இரண்டு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதில் இருந்து கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கிப் பரணில் வைக்காமல் தினமும் போடுங்கள்.

அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் பழையபடி இல்லை. கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்துபோகிறது. வெயிலில் நிற்க முடிவதில்லை. களைக்குப் போய்ப் பல மாதங்கள் ஆகின்றன. அவரைப் பார்த்துக்கொள்ள மகள் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டார். அந்த இரண்டரை மணி நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நடந்ததை ஒப்புக்கொண்டு, “அன்னைக்கே உங்களைக் கேட்டிருக்கணும்க்கா” என்றேன். அவருக்கு அந்த நாளே நினைவில்லை. “நீங்க என்னங்க சார் பண்ணுவீங்க, நானே பாத்தி முடிஞ்சா சரியாப் போகும்னுதானே நெனச்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, மகளைக் காபி போடச் சொன்னார்.

கேள்வி அனுப்பிய சகோதரிக்கு: உங்களுக்கு வருவது மருந்து வாடையாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு முறை கொதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒரு நாள் அந்தத் தலைவலி வேறு மாதிரி இருந்தால், பாத்தி முடியும் வரை காத்திருக்காதீர்கள்.