கடலடிக் குடிக்கணக்கு

பவளம் என்றவுடன் தமிழ் பயின்றோர் நெஞ்சில் செந்நிறம் தோன்றும். செவ்விதழுக்குச் சொல்லும் உவமை தோன்றும். நவமணி வரிசை தோன்றும். ஆயின், வெப்பக் கடல்களில் பாறை கட்டும் பவளம் அந்த அணிகலப் பவளம் அன்று. அதற்கு உறவுடைய வேறோர் இனம். நுண்ணிய மெல்லுயிர்கள் மொட்டுவிட்டுப் பெருகி, சுண்ணாம்பைச் சுரந்து, ஓருடல் போல் ஒட்டி வாழ்வதே ஒரு பவளக் கொத்து. இத்தகைய கொத்துகள் தலைமுறை தலைமுறையாக எழுப்பிய ஊரே பவளப் பாறை.

சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றிலும் அத்தகைய ஊர்கள் உள்ளன. அங்குக் கடல்நீர் கலங்கியது. கதிரொளி சில மீட்டர் ஆழத்திலேயே மங்கிவிடும். அந்த மங்கலில் முக்குளிக்கும் ஆய்வாளர் பாறையின்மீது அளவு நாடாவை விரிக்கிறார். நாடாவின் அடியில் வரும் ஒவ்வொரு கொத்தும் எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்பதை நீரில் நனையாப் பலகையில் பென்சிலால் குறிக்கிறார். சில ஆய்வுகளில் கொத்தின் மிக நீண்ட விட்டத்தையும், அதற்குக் குறுக்கே செல்லும் விட்டத்தையும் அளப்பதுண்டு.

பாறையில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயிருள்ள பவளம் என்று கணக்கிட்டால் போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது. ஓர் ஊரில் நூறு பேர் உளர் என்பதால் மட்டும் அவ்வூரின் நலம் விளங்கிவிடுமா? நூறு பேரும் முதியவராயின் அவ்வூருக்கு நாளை இல்லை. நூறு பேரும் குழந்தைகளாயின் அண்மையில் ஏதோ பேரிடர் நேர்ந்திருத்தல் வேண்டும். பவளத்திற்கும் இது பொருந்தும். சிறு கொத்துகள் புதிய பிறப்பைக் காட்டும். பெருங்கொத்துகளோ மிகுதியான முட்டைகளை ஈன்று பாறைக்கு வித்தளிக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுக்களையில் மெய். பவளப் பாறையிலோ சிறிது, பெரிது என எல்லாவற்றையும் அளந்தே பதம் காண இயலும்.

அளவிலும் ஒரு சூது உண்டு. பவளங்கள் தம் வயதைப் பொய்யாகக் காட்டுகின்றனவா என்னும் வினாவை ஹியூஸ், ஜாக்சன் என்னும் ஆய்வாளர் இருவர் 1980இல் எழுப்பினர். பெருங்கொத்தின் ஒரு பகுதி மடிந்து, எஞ்சியது இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரிந்தால், நெடுங்காலம் வாழ்ந்த முதுபவளமும் இளங்கன்று போல் தோன்றும். ஆதலின் தேர்ந்த ஆய்வாளர் உயிருள்ள பகுதியோடு மடிந்த பகுதியையும் குறிப்பார். அதே கொத்தை அடையாளமிட்டு, ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடிச் செல்வார்.

இவ்வுழைப்பின் பயனை ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு காட்டியது. 1995, 1996 ஆண்டுகளில் அங்கே எடுத்த கொத்தளவுகளை 2016, 2017 ஆண்டுகளின் அளவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. சிறியன, நடுத்தரமானவை, பெரியன ஆகிய மூவகையும் பாதிக்குமேல் குறைந்திருந்தன. வித்திடும் மூத்தோரும் குறைந்தனர். வளர வேண்டிய மழலையரும் குறைந்தனர். கடல்நீர் சூடேறிப் பவளம் வெளிறிய துயரமே அதில் பெரும்பங்கு வகித்தது.

2022இல் அத்திட்டின் வடபகுதியிலும் நடுப்பகுதியிலும் பவளப் பரப்பு, 36 ஆண்டு அளவீட்டில் இல்லாத உயர்வை எட்டியது. பலர் மகிழ்ந்தனர். ஆயின் அவ்வுயர்வைத் தந்தவை பெரும்பாலும் விரைந்து வளரும், வெப்பத்தில் விரைந்து மடியும் கிளைப்பவளங்களும் தட்டுப்பவளங்களும் ஆகும். 2024இல் மீண்டும் வெப்பம் தாக்கியது. வடக்கிலும் தெற்கிலும் ஓராண்டில் அதுவரை கண்டிராத சரிவு நேர்ந்ததை 2025ஆம் ஆண்டின் அறிக்கை உரைத்தது. பரப்பு மீண்டதைக் கண்டு ஊர் மீண்டது எனக் கொள்வது எத்துணைப் பிழை!

தென்தீவுக் கலங்கல் நீரில் நாடா பிடித்தவர், நாணயத்தினும் பெரிதல்லாத ஓர் இளங்கொத்தைக் கண்டால் அதையும் விடாது குறித்துக்கொள்கிறார். நூற்றில் ஒரு பங்கைக்கூட அது கூட்டாது. எனினும் அந்த ஊரில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. அது வளர்ந்து முதுமை எய்துமா என்பது கடலின் வெம்மையைப் பொறுத்தது. அவ்வெம்மையோ கரையில் வாழும் மாந்தர் கையில் உள்ளது.