இரும்பைத் தொடாதீர்கள், பிடியைப் பாருங்கள்

சுவாமிமலைப் பட்டறைகளில் ஒரு சிலை வார்ப்பிலிருந்து வெளியே வந்த பிறகும் கைக்கு நாள்கணக்கில் வேலை இருக்கிறது. அரம் போட வேண்டும், உளி பிடிக்க வேண்டும். அரத்தின் மரப்பிடி கைக்கு ஒத்துவரவில்லை என்றால் உள்ளங்கை கன்றிப்போகும். கன்றிய கையின் அழுத்தம் மாறி விழும், அது சிலையின் கன்னத்தில் கோடாகத் தெரியும். அப்போது வேலை தெரிந்தவர் அரத்தின் இரும்பைக் குறை சொல்வதில்லை, பிடியை மாற்றுகிறார். ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் மண்வெட்டிக்குக் காம்பு போடுகிறவரும் அதையேதான் செய்கிறார். பழைய பெரிய ரக ரிவால்வர் ஒன்றைச் சுடுவதற்குச் சுகமானதாக்குவது எப்படி என்ற கேள்விக்கும் இதே வழிதான் சரி என்று நான் வாதிடுகிறேன். அதன் கனத்தைக் குறைக்கக் கூடாது. கையும் இரும்பும் சேரும் இடத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

நம் நாட்டில் பழைய ரிவால்வர் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது வெப்ளி. 1887-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்த 0.455 அங்குலத் துப்பாக்கி, அவர்களுடைய அதிகாரிகளின் இடுப்போடு இந்தியாவுக்கும் வந்தது. 1915-இல் வந்த ஆறாம் வடிவம் ஏறக்குறைய 1.1 கிலோ எடை. அதன் ஈயக்குண்டு 17 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 180 மீட்டர். கணக்குப் போட்டால், குண்டு முன்னே போகும்போது துப்பாக்கி வினாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் பின்னே வருகிறது. குண்டின் பருமனைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு இது பெரிய உதை இல்லை. கனமான இரும்பே உதையில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. பிறகு ஏன் கை வலிக்கிறது? குழல் கைக்கு மேலே இருக்கிறது. அதனால் உதை நேராகப் பின்னால் வராமல் குழலின் முனையை மேலே தூக்குகிறது, பிடி உள்ளங்கைக்குள் சுழல்கிறது. பிடி ஒல்லியாக இருந்தால் அந்த உதை முழுவதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சின்னச் சதையில் போய் இறங்கும். விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி உண்டு. நடுவிரல் அதற்குள் நுழைந்து உட்காரும், ஒவ்வொரு வெடிக்கும் வளையம் விரல் கணுவில் அடிக்கும். ஐம்பது தோட்டா சுட்டவர் காட்டும் காயம் பெரும்பாலும் அந்தக் கணுவில்தான் இருக்கும். செய்தவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. முந்தைய வடிவங்களில் பறவை அலகு போல வளைந்திருந்த பிடியை ஆறாம் வடிவத்தில் சதுரமாக்கி, கை நிறையப் பிடிக்கும்படி மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஒப்புதல் இல்லாதது. முதல் உலகப் போரின் அனுபவத்தில், அவசரமாகப் பயிற்சி பெறும் சிப்பாய்க்கு 0.455 அடங்காது என்று ராணுவம் முடிவு செய்தது. 1932-இல் 0.38 ரக என்ஃபீல்டு வந்தது. குண்டு 17 கிராமிலிருந்து 13 கிராமாக, ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. துப்பாக்கியோ 770 கிராம் அளவுக்கு, அதாவது முப்பது விழுக்காடு இளைத்தது. விளைவு, துப்பாக்கி பின்னே வரும் வேகம் குறையவே இல்லை, சற்றுக் கூடியது. கையில் இறங்கும் ஆற்றல் ஓரளவு குறைந்தது உண்மைதான், ஆனால் குண்டைச் சிறிதாக்கியதில் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதியை எடையைக் குறைத்து இழந்துவிட்டார்கள். 2014-இல் கான்பூர் ஆலை ஒன்று பெண்களுக்கென்று வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரும் இதே பாதையில்தான் போயிற்று. 0.32 ரகம், டைட்டேனியம் கலவை, அரைக் கிலோ எடை. கைப்பையில் வைத்துக்கொள்ள வசதிதான். சுடும்போது? அதே தோட்டாவைப் போட்டு எடையைப் பாதியாக்கினால் பின்னே வரும் வேகம் இரட்டிப்பாகும். சுமக்கிற சுகம் வேறு, சுடுகிற சுகம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் இத்தனை குழப்பமும்.

கனமான துப்பாக்கியை நீட்டிப் பிடித்தால் தோள் தளராதா என்று கேட்பார்கள். தளரும். அந்தத் தளர்ச்சிக்கு இரண்டு கையாலும் பிடிப்பதும், சுட்டுச் சுட்டு இறக்கி வைப்பதும் போதும். கன்றிப்போன கணுவுக்கு அப்படி மருந்து இல்லை. இன்னொரு சாரார், வீரனுக்குச் சுகம் எதற்கு, பழகினால் மரத்துப்போகும் என்பார்கள். வலி பழகுவதில்லை, வலிக்குப் பயப்படத்தான் கை பழகுகிறது. இதைச் சுடுதளத்திலேயே பார்க்கலாம். ஆறு தோட்டாவுக்கு நடுவே, சுடுபவருக்குத் தெரியாமல் ஒரு மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவைப் போட்டு வைப்பார்கள். அது வரும்போது வெடி இல்லை, உதை இல்லை. ஆனாலும் வலிக்குப் பயந்த கை முந்திக்கொண்டு குழலைக் கீழே அழுத்தும். முனை வெடுக்கென்று தாழ்வதைப் பக்கத்தில் நிற்பவர் கண்ணால் காணலாம். நிஜத் தோட்டாவிலும் அதே தாழ்வுதான் நடக்கிறது, அப்போது குண்டு குறியை விட்டு வேறெங்கோ போகிறது. நம் ஊர்த் தெருக்களின் நெரிசலை நினைத்தால், காவலரின் கையில் இருக்கும் துப்பாக்கியின் சுகம் வெறும் சொகுசு அல்ல. சுடுபவரின் பயத்தில் ஒரு பகுதி சத்தத்தால் வருவது. அதனால் காதை மூடுவது முதல் வைத்தியம், செலவும் சொற்பம்.

பழம்பொருளின் மூலத்தன்மை கெட்டுவிடுமே என்பது மூன்றாவது ஆட்சேபம். இதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் குழலை வெட்டுவதும் இரும்பை ராவுவதும் கூடாது என்கிறேன். இரும்பு திரும்ப வளராது. குழலைக் குட்டையாக்குவது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்தால் குற்றமும்கூட. 0.455-ம் 0.38-ம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகங்கள்; இந்தப் பழைய துப்பாக்கிகளைப் பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடம்தான் போக வேண்டும். பிடித்தகடு இரும்பைப் போல அல்ல, ஒரு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். மூலத் தகட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, கையை நிரப்பும் புதிய மரத்தகடு போட்டுக்கொள்ளலாம், விசைவளையத்தின் பின்னிடைவெளியை அடைக்கலாம்.

அளவெடுக்க சுவாமிமலையிலேயே வழி இருக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய சிலை மெழுகு இளஞ்சூட்டில் விரல் சொன்னபடி கேட்கும், ஆறினால் வாங்கிய வடிவத்தை விடாது. தோட்டா எல்லாம் எடுத்த, வெறும் துப்பாக்கியின் பிடியைச் சுற்றி அந்த மெழுகை அப்பி, சுடுபவர் சுடும் விதத்தில் ஒருமுறை இறுகப் பிடித்தால் போதும். எந்த விரல் எங்கே உட்காருகிறது, எங்கே இடைவெளி, எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் பதிந்துவிடும். அதைப் பார்த்து ஈட்டி மரத்திலோ தேக்கிலோ தச்சர் இழைத்துத் தரலாம். புதிய துப்பாக்கி செய்யும் கான்பூர் ஆலையாரும், எடையில் இன்னும் ஐம்பது கிராம் குறைக்க வழி தேடுவதை விட்டு, வாங்குபவரின் கை அளவைக் கேட்டுப் பிடி கொடுக்க வேண்டும்.