பயணப் பையும் மின்கருவிகளும்

திருத்தணி மலைக்குப் படிகள் 365. ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக அமைந்தவை என்று அவ்வூரார் பெருமையுடன் கூறுவர். டிசம்பர் 31ஆம் நாள் நடைபெறும் படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, பாடல்களைப் பாடிக்கொண்டே அடியவர்கள் ஏறுவர். அப்படி ஏறுவோர்க்குத் தோளில் தொங்கும் பையின் எடை முதற்படியில் தெரிவதில்லை. நூறாவது படியில் அது மெல்லத் தன்னை உணர்த்தும். இருநூறாவது படியில், ‘இதை ஏன் கொண்டுவந்தோம்?’ என்னும் வினா தானாகவே எழும். மலைமேல் செல்ல ஊர்திச் சாலையும் உண்டு. அவ்வழியே செல்வோர்க்கு இவ்வினா எழுவதில்லை. ஆகவே, அவர்களுடைய பைகள் சற்றுப் பெரியனவாகவே இருக்கின்றன.

முற்காலத்துப் பயணி தூக்குச்சட்டியில் கட்டுச்சோறும் செம்பில் நீரும் மாற்றுத்துணியும் எடுத்துச் சென்றான். மின்னால் இயங்கும் பொருள் என்று அவனிடம் ஏதேனும் இருந்தால், அது டார்ச் விளக்காகத்தான் இருக்கும். வசதியுடையோர் டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றையும் தோளில் மாட்டிக்கொண்டனர். டார்ச் விளக்கைப் பெட்டிக்குள் வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. உள்ளிருக்கும் கட்டைகளுள் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுவர். துணிகளுக்கிடையே பொத்தான் அழுந்தினாலும் விளக்கு எரியாது, மின்சாரம் வீணாகாது. வேண்டும்பொழுது கட்டையை நேராக்கிக்கொள்ளலாம். இயற்பியல் நூலைத் தொட்டறியாத முதியோரும் மின்சுற்று முறிவதன் பயனை இவ்வாறு அறிந்திருந்தனர்.

கருவிகளைச் சுமந்து உலகைச் சுற்றிய தமிழருள் ஏ.கே. செட்டியார் முதன்மையானவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்ற அவர், 1937 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் ‘சமாரியா’ என்னும் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க எண்ணங்கொண்டார். அவ்வெண்ணம் அவரை ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலையவைத்தது. நாடு நாடாகச் சென்று 50,000 அடி நீளமுள்ள படச்சுருள்களைத் திரட்டினார். அவற்றைச் சுருக்கி 12,000 அடிப் படமாக்கி 1940இல் வெளியிட்டார். அக்காலத் திரைப்படச் சுருள்கள் பெரும்பாலும் நைட்ரேட்டு வகையைச் சார்ந்தவை, எளிதில் தீப்பற்றக்கூடியவை. எனவே, அவற்றைச் சுமப்பதும் காப்பதும் தனிப்பொறுப்பாக இருந்தன. ஆயினும், அவர் சுமந்தவை ஒரு நோக்கத்திற்கு உரியவை. எதற்காகச் செல்கிறோம் என்பது தெளிந்துவிட்டால், எதை எடுத்துச் செல்வது என்பதில் பாதிக் குழப்பம் நீங்கிவிடுகிறது.

இன்றோ, இரண்டு நாள் பயணத்திற்குப் புறப்படும் இளைஞர் ஒருவரின் பையைத் திறந்தால், திறன்பேசி, அதற்குரிய சார்ஜர், பவர் பேங்க், செவிப்பொறி, கைக்கடிகாரம், அக்கடிகாரத்திற்கென்றே தனியாக ஒரு சார்ஜர், மடிக்கணினி, ஒலிபெருக்கி, திறன்பேசியை நிறுத்திப் படமெடுக்க ஒரு முக்காலி என வெளிவந்துகொண்டே இருக்கும். இவற்றை இணைக்கும் வடங்கள், கோடைக்காலத்துப் பாம்புகள்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வடங்களின் தொல்லை இப்போது சிறிது குறைந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் திறன்பேசிகளுக்கும் இன்னும் பல சிறுகருவிகளுக்கும் ‘டைப் சி’ இணைப்பே இருக்க வேண்டும் என்று விதித்துள்ளனர். அவ்விதியின் பயன் ஐரோப்பாவுக்கு வெளியேயும் பரவியது. ஒரே வடத்தால் மூன்று கருவிகளுக்கு மின்னேற்ற முடியுமானால், மற்ற இரண்டு வடங்களை வீட்டில் விட்டுச் செல்லலாம்.

எனினும், பையைத் தீர்மானிக்க வேண்டியது கருவியன்று, வழியாகும். சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கு வரும் புறநகர் மின்தொடர் வண்டியில் பயணிகள் மின்னேற்றிக்கொள்ள இணைப்பு இல்லை. நீண்டதூர விரைவு வண்டிகளில் இணைப்பு உண்டு. ஆனால், தீவிபத்தைத் தவிர்க்கும் பொருட்டு இரவு 11 மணிமுதல் காலை 5 மணிவரை அதனை நிறுத்திவைப்பது தொடர்வண்டித் துறையின் நடைமுறை. இதை அறியாதவர், படுக்குமுன் திறன்பேசியைச் செருகிவிட்டு, விடியற்காலையில் உயிரற்ற கருவியுடன் அயலூர் நிலையத்தில் இறங்குவார். அறிந்தவர் மாலையிலேயே மின்னேற்றிக்கொள்வார். அவருக்குப் பெரிய பவர் பேங்க் வேண்டியதில்லை.

பவர் பேங்க் வாங்கும்போதும் ஒரு கணக்கு உண்டு. அதன்மேல் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று பொறித்திருந்தால், 5,000 அளவுள்ள திறன்பேசியை இருமுறை முழுமையாக நிரப்பலாம் என்றே பலரும் கருதுகின்றனர். உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் தருவது 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட் அல்லது அதற்கும் மேல். இவ்வாறு உயர்த்தும்போதும், திறன்பேசிக்குள் மீண்டும் சேமிக்கும்போதும் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. ஆகவே, கிடைப்பது ஏறத்தாழ ஒன்றேகால் முறையே. 10,000 மில்லி ஆம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் 37 வாட் மணி என வரும். வானூர்தியில் செல்வோர் மனத்திற்கொள்ள வேண்டியது இந்த வாட் மணிக் கணக்கே. 100 வாட் மணி வரையுள்ள பவர் பேங்கைப் பயணி கைப்பையில் எடுத்துச் செல்லலாம். 160 வரையுள்ளதற்கு வானூர்தி நிறுவனத்தின் இசைவு வேண்டும். அதற்கும் மேற்பட்டது பயணிக்கு ஏற்றதன்று. எந்த அளவாயினும், சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் அதை வைத்தல் கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பற்றினால், கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் பணியாளர்கள் உடனே அணைக்க முடியும். 2025 சனவரியில் தென்கொரியாவின் புசான் நகர விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் புசான் வானூர்தி ஒன்று தீப்பற்றியது. இருக்கைக்கு மேலுள்ள பெட்டியறையில் இருந்த பவர் பேங்கே காரணமாகலாம் என்று புலனாய்வாளர்கள் கருதினர். இதன் பின்னர் வானூர்தி நிறுவனங்கள் பல, பறக்கும்போது அதனைப் பயன்படுத்தவே தடைவிதித்தன. பெட்டிக்குள் டார்ச்சின் கட்டையைத் திருப்பிப் போட்ட முதியோரின் விழிப்புணர்வு இங்கும் தேவைப்படுகிறது. தனியாக எடுத்துச் செல்லும் மின்கலங்களின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடிவைக்குமாறு இன்றைய விதிகள் கூறுவதும் அதே காரணம் பற்றியே.

அயல்நாட்டிற்குப் படிக்கவோ பணிபுரியவோ செல்வோர் சார்ஜரின் முதுகில் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்தல் வேண்டும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அதில் இருந்தால், 100 வோல்ட் வழங்கும் ஜப்பானிலும் 230 வோல்ட் வழங்கும் சிங்கப்பூரிலும் அது இயங்கும். செருகியின் வடிவத்தை மாற்றித் தரும் சிறு துணைக்கருவி ஒன்று போதும். நம் நாட்டுச் செருகியின் முனைகள் உருண்டையானவை; சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவை பட்டையானவை. ஆனால், முடி உலர்த்தியும் மின்கெண்டியும் பெரும்பாலும் ஒரே மின்னழுத்தத்திற்கு உரியவை. அவற்றைச் சுமந்து செல்வதைவிடச் சென்ற இடத்தில் வாங்கிக்கொள்வதே தக்கது.

திருத்தணி எல்லையோர ஊர். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது ஆந்திரத்திலிருந்து மாறி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதன் பின்னே ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய போராட்டம் உண்டு. இன்றும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. நகரியைத் தாண்டிச் செல்வோர்க்கு மொழிபெயர்ப்புச் செயலி தேவைப்படலாம். திருத்தணிக் கடைக்காரர்க்கு அது தேவைப்படுவதில்லை!

ஆடிக்கிருத்திகை நாளில் இம்மலையைப் பார்க்க வேண்டும். மலர்க்காவடிகள் அலையலையாய் ஏற, ஊர் முழுதும் மக்கள் வெள்ளம் நிறையும். அத்தகைய கூட்டத்தில் ஆயிரக்கணக்கான திறன்பேசிகள் ஒரே கோபுரத்தின் தொடர்பை நாடும். தொடர்பு நலிந்தால் கருவி மீண்டும் மீண்டும் தேடும். தேடுந்தோறும் மின்சாரம் தீரும். வீட்டில் ஒருநாள் முழுதும் தாங்கிய மின்கலம் அங்கு நண்பகலிலேயே ஓய்ந்துவிடும். மேலும், திருக்கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. அருகிலுள்ள திருமலையிலும் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். ஒப்படைத்த பிறகு கூட்டத்தில் பிரிந்துவிட்டால் என் செய்வது? காவலர் ஒருவரின் கைப்பேசியை வாங்கிப் பேசலாம். ஆனால், எந்த எண்ணை அழுத்துவது? எண்களையெல்லாம் கருவியே நினைவில் வைத்திருக்கிறது, மனிதர் மறந்துவிட்டனர். விழா நாள்களில் ஒலிபெருக்கி அழைத்துக்கொண்டே இருக்கும் பெயர்களுள் குழந்தைகளின் பெயர்கள் மட்டும் இருப்பதில்லை.

கருவி என்றதும் கைப்பேசியையே எண்ணுவது ஒரு பழக்கமாகிவிட்டது. திருத்தணிக் குடும்பம் ஒன்று காசிக்குப் புறப்பட்டது. கல்லூரியில் பயிலும் பேத்தி, கருவிகளைக் கட்டிலின்மேல் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பையில் இட்டுக்கொண்டிருந்தாள். பாட்டிக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். நெடுநேரம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், “என் காதுக்கு வேண்டியதை வெச்சியா கண்ணு?” என்று கேட்டார்.

பேத்தியின் கை நின்றது. ஏழெட்டுக் கருவிகளுக்கு மின்சாரம் தேடியவள், பாட்டியின் செவித்துணைக் கருவியைப் பற்றி எண்ணவில்லை. அக்கருவியோ சார்ஜரில் செருகக்கூடியதன்று. மிளகாய் வற்றலின் விதையைவிடச் சற்றே பெரிய பொத்தான் மின்கலம் அதற்கு வேண்டும். அது துத்தநாகமும் காற்றும் சேர்ந்து இயங்கும் வகை. அதன்மேல் ஒட்டியுள்ள சிறு தாளை உரித்ததும் காற்று உட்புகுந்து வேதிவினை தொடங்கும். பிறகு பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அதன் ஆற்றல் குறைந்துகொண்டே செல்லும். தாளை மீண்டும் ஒட்டிவைப்பதால் பயனில்லை. கருவியின் அளவுக்கேற்பச் சில நாள்களோ இரண்டு வாரமோ அது உழைக்கும். அளவுகள் பலவாதலால் உறையின் நிறத்தைக் கொண்டு அவற்றை வேறுபடுத்துவர். 312ஆம் எண்ணுக்குப் பழுப்பு. 13ஆம் எண்ணுக்குச் செம்மஞ்சள். 675ஆம் எண்ணுக்கு நீலம். அயலூர்க் கடையில் மொழி தெரியாவிட்டாலும் நிறத்தைக் காட்டிக் கேட்கலாம். ஆயினும், எல்லாக் கடைகளிலும் அது கிடைத்துவிடாது.

“ரெண்டு நாளா கரகரங்குது. வண்டியில நீங்க பேசுறது கேக்கலன்னா நான் எங்க இறங்குறது?” என்றார் பாட்டி.

“கடைக்குப் போயிட்டு வந்துடுறேன் ஆயா” என்று பேத்தி எழுந்தாள்.

காது கேளாத முதியவர் ஒருவர் இரவில் அயலூர்த் தொடர்வண்டி நிலையத்தில் பிரிந்துவிட்டால், அவர் பெயரை ஒலிபெருக்கியில் நூறு முறை அழைத்தாலும் பயனில்லை. முக்காலி இல்லாவிட்டால் படம் சற்று ஆடும், அவ்வளவே. பேத்தி பழுப்புநிற உறையிட்ட மின்கல அட்டைகள் இரண்டை வாங்கி வந்தாள். கருவியை வைத்து ஈரம் போக்கும் சிறு டப்பியையும் எடுத்துவைத்தாள். கங்கையில் நீராடுமுன் கருவியைக் கழற்றி வைக்க அது உதவும். வியர்வையின் ஈரத்தையும் நீக்கும். தாத்தாவின் சர்க்கரை அளவு பார்க்கும் கருவி அடுத்து நினைவுக்கு வந்தது. அதற்குரிய பட்டைகள் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குவதில்லை. 30 டிகிரி செல்சியசுக்கு மிகாத இடத்தில் வைக்குமாறே பெரும்பாலும் உறையில் குறித்திருப்பர். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருத்தணிக்காரர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டைகள் இருந்த புட்டி, சன்னலோரப் பையிலிருந்து துணிகளின் நடுவே இடம்மாறியது.

மடிக்கணினி, அதன் சார்ஜர், ஒலிபெருக்கி, முக்காலி ஆகியவை அலமாரிக்குத் திரும்பின. மடிக்கணினியை விட்டுச் செல்லப் பேத்திக்கு மனமில்லை. அதனை இருமுறை எடுத்து இருமுறை வைத்தாள். ஒரு திறன்பேசி, ஒரு சார்ஜர், ஒரு வடம், 10,000 அளவுள்ள பவர் பேங்க் ஆகியவை பையில் தங்கின. தம்பி தன் செவிப்பொறியை யாருக்கும் தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

புறப்படுமுன் பேத்தி ஒரு தாளில் வீட்டார் மூவரின் கைப்பேசி எண்களைப் பெரிய எழுத்துகளில் எழுதினாள். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, தனக்குத் தெரிந்த அளவில் இந்தியில் ஒருமுறை பெயர்களைக் குறித்தாள். பாட்டி அதை வாங்கி நான்காக மடித்து, மின்கல அட்டை ஒன்றுடன் சேர்த்து, வெற்றிலையும் சில்லறையும் கிடந்த சுருக்குப்பையில் வைத்து, கயிற்றை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.