காக்ஸ் டவுன்: குடிவந்தோரும் கொணர்ந்த கலையும்

பெங்களூர் கிழக்கு இரயில் நிலையத்தில் இறங்கும் அன்பர்களுக்கு, தாம் நிற்பது கன்னட நாட்டின் தலைநகரா, வட ஆர்க்காட்டுச் சிற்றூரா என்னும் ஐயம் ஒரு கணம் எழுதல் இயல்பே. பூக்கடையில் விலை பேசும் மொழியும், எதிர்வருவோர் நலம் வினவும் மொழியும் பெரிதும் தமிழாகவே செவியில் விழும். நிலையத்தை அடுத்துள்ளது காக்ஸ் டவுன். ஆங்கிலேயர் காலத்தில் இங்குக் கலெக்டராயிருந்த காக்ஸ் துரையின் பெயரைத் தாங்கிய பேட்டை அது.

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மென்டு அமைத்தனர். படையின் பின்னே கொத்தர், வண்ணார், சமையற்காரர், தானிய வணிகர் எனத் தமிழ் மக்கள் வந்து குடியேறினர். 1864இல் ஜோலார்பேட்டையினின்று இருப்புப்பாதை வந்தது. வருவோர் தொகையும் பெருகிற்று. 1898இல் பிளேக் நோய் பரவிய பின்னர், நெருக்கமான பழைய தெருக்களை விட்டு அகன்ற வீதிகளோடு புதிய பேட்டைகள் எழலாயின. 1910இல் பிரேசர் டவுன் தோன்றியது. காக்ஸ் டவுனும் அவ்வரிசையில் வந்ததே.

பிழைப்பு நாடி வந்தவருள் குயவரும் இருந்தனர். காக்ஸ் டவுனிலிருந்து மேற்கே நடந்தால் பாட்டரி டவுனை அடையலாம். தமிழ் பேசும் குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே சக்கரம் சுழற்றி வருகின்றன. ஏரி மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, நீரில் ஊறவைத்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். பொங்கற் பானையும் கார்த்திகை அகலும் சூளையில் வேகும். ஆவணிப் பிள்ளையாருக்கோ சூளை வேண்டா; நிழலில் உலர்ந்தால் போதும். சுட்ட மண் நீரில் கரையாது அன்றோ! துதிக்கையின் வளைவை ஈர விரலால் நீவி விடும் அந்த நேர்த்தியைக் காணக் கண் கோடி வேண்டும்.

எனினும் மண்ணுக்கே இப்போது முட்டுப்பாடு. சுற்றியிருந்த ஏரிகள் பல மனைக்கட்டுகளாயின. களிமண் தொலைவிலிருந்து லாரியில் வர வேண்டியுள்ளது. அச்சில் வார்த்த பாரிஸ் சாந்துப் பிள்ளையார் மலிவாகச் சந்தைக்கு வந்தார். அரசாங்கம் தடை விதித்தும் அவர் முற்றிலும் அகன்றபாடில்லை. குயவர் வீட்டுப் பிள்ளைகள் அலுவலக வேலைக்குச் செல்லுதலை யார் குறை கூற இயலும்?

குடிவந்தோர் கலை ஊரின் கலையாக மாறுமா என்று ஐயுறுவோர் பழைய பெங்களூர்ப் பேட்டைக்குச் சென்று கரகத் திருவிழாவைக் காண்பாராக. தர்மராயர் கோயிலில் அதனை நடத்துவோர் திகளர் என்னும் தோட்டக்காரக் குலத்தார். தமிழகத்தினின்று முற்காலத்தில் வந்தோர் எனக் கருதப்படும் இவர்களது வீட்டுப் பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்துள்ளன. சித்திரை முழுநிலவு இரவில், பெண்கோலம் பூண்ட பூசாரி மல்லிகை போர்த்த கரகத்தைத் தலையில் ஏந்தி வர, வாளேந்திய வீரகுமாரர் சூழ்ந்து வருவர். தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் சென்று மீளும். அவ்விழாவை அயலார் விழா என்று இன்று பெங்களூரில் எவரும் கூறார்.

ஆனால் எல்லாம் அவ்வளவு எளிதில் நடந்துவிடவில்லை. காக்ஸ் டவுனுக்குத் தெற்கே, அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை, மொழிப்பூசலின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடப்பட்டே நின்றது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள்தான் திறக்கப்பெற்றது. அதே திங்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பெற்றது. ஒன்றுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்துச் செய்தது போலத் தோன்றினும், செய்தது நன்றே.

நிலத்தடி மெட்ரோ நிலையம் ஒன்றுக்கும் பாட்டரி டவுன் என்றே பெயர் இட்டுள்ளனர். செல்ல விரும்பும் குடும்பத்தினர் விநாயக சதுர்த்திக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகச் செல்க. வண்ணம் தீட்டாத பிள்ளையார்கள் வரிசையாக உலர்வதை அப்போதுதான் காணலாம். தமிழிலேயே விலை கேட்கலாம். பேரமும் தமிழிலேயே நடக்கும்.