அமுங்கிய கம்பளிச் சட்டை

கொடைக்கானற் குளிருக்கென என் அன்னையார் தம் கையாற் பின்னித் தந்த கம்பளிச் சட்டையொன்று, அவர் காலமான பின்னர், பல்லாண்டுகளாக என் டிரங்குப் பெட்டியின் அடியிற் புத்தகச் சுமையின்கீழ்க் கிடந்தது. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் மலைக்குப் புறப்பட்ட என் மகள், "அப்பா, பாட்டியின் சட்டையை நான் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்கவே, அதனை வெளியே எடுத்தேன். அந்தோ! மெத்தென்று பருத்திருந்த சட்டை அப்பளம்போல் தட்டையாய்க் கிடந்தது. அன்னையார் மடித்து வைத்த மடிப்புக்கள் மாத்திரம் கோடு கிழித்தாற்போல் நின்றன.

பௌதிகம் போதிப்பவனாதலின் மனம் வாளாவிருக்கவில்லை. அத்தகைய நூலிற் பின்னிய புதுத் துண்டொன்றை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். முதலில் வைத்த சிறு கற்களுக்கே துண்டு வெகுவாய்த் தாழ்ந்தது. பின்னர் ஏற்றிய பெருங்கற்களுக்கோ சிறிதே இணங்கிற்று. தறியில் நெய்த துணியைப்போலன்றிப் பின்னலில் நூல் கண்ணியுட் கண்ணியாய் வளைந்தெழுகின்றது. இடையிடையே காற்று நிறைந்திருக்கின்றது. குளிரைத் தடுப்பது பெரும்பாலும் அக்காற்றேயாம். சுமை ஏறுங்கால் முதலில் மேலெழுந்த மயிர்கள் படியும். அப்பாற் கண்ணிகள் சாயும். முடிவில் இழையோடு இழை எங்கணும் முட்டிக்கொள்ளும். முட்டுமிடங்கள் மிகமிக, வளைதற்குரிய இடைவெளி குறுகி, எதிர்ப்பு வளரும். இழைத்திரளின் அமுக்கம் பருமனது கனத்திற்குத் தலைகீழாய் ஏறுவதெனத் தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்த வான் வைக் 1946இல் எழுதினார். அஃதாவது, நன்கு அமுங்கிய கம்பளியை மேலும் பாதியாக்க, ஏறத்தாழ எட்டு மடங்கு அமுக்கம் வேண்டும்.

கற்களை எடுத்த பின்னரும் துண்டு முழுதும் எழவில்லை. வழுக்கி நகர்ந்த இழைகளை உராய்வு புதிய இடத்திலேயே பற்றிக்கொள்கின்றது. ஒரு நாழிகைச் சுமைக்கே இவ்வாறாயின், பல்லாண்டுச் சுமைக்குக் கேட்பானேன்! ஆயினும், ஈரமும் வெப்பமும் கம்பளி இழையின் உட்பிணைப்புக்களைத் தளர்த்துமாதலின், நீராவி பட்டால் அது பெரும்பாலும் மீண்டெழும். தேய்த்தலாகாது, தேய்த்தாற் சுருங்கித் திரண்டுவிடும்.

இங்கேதான் தயங்கினேன். ஆவி பிடித்தால் அம்மடிப்புக்களும் அழியுமன்றோ? அவை அன்னையாரின் கை கடைசியாக அச்சட்டையில் இட்டவை. இரண்டு நாள் அதனை மேசைமீதே வைத்திருந்தேன். மூன்றாம் நாள், குளிருமென்று பின்னியதை அவர் பெட்டியில் வைக்கவா பின்னினார் என்று எண்ணி, அடுப்பில் நீரை ஏற்றினேன்.

காலையிற் பார்க்கையிற் சட்டை எழுந்திருந்தது. இடக்கை மடிப்பு மாத்திரம் மெல்லிய கோடாக எஞ்சியிருந்தது. மகள் அதனை அறியாமலே அணிந்து சென்றாள்.